பின்மூலைச் செவ்வகம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

பொடிசு வணக்கத்துடன் எழுதுவது. நாற்பத்து நாலு வயதாகியும் இந்தப் பெயர் என்னை விடவில்லை. உங்களுக்கு எழுதும்போது வேறு பெயர் கைக்கு வருவதுமில்லை. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் படியேற விடுகிறதா? அண்ணனின் வறட்டு இருமல் நின்றதா?

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன், மறைப்பானேன். எங்கள் நிறுவனத்துக்கு ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை வந்திருக்கிறது. எட்டு மாடி. உள்ளே இடிப்பதும் பூசுவதும் மற்றவர்கள் பாடு. வெளியே இருக்கும் நிலம், மொட்டை மாடி, செடிகொடி, மழைத்தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. முகவரியைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணன் சைட் சூப்பர்வைசராக நின்று கட்டிய அதே கட்டடம்.

முன்பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் பாதியை உடைத்து, மழைத்தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கும்படி பள்ளமான ஒரு தோட்டம் போடப் போகிறேன். பழைய வரைபடங்கள் ஒன்றுகூட இல்லை. எலி தின்றது போக மிச்சம் மழையில் நனைந்து போயிற்றாம். தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அண்ணன்.

அவர் என்னோடு பேசமாட்டார் என்பது தெரிந்ததுதான். வீட்டு நாவல் மரத்தை அவர் வெட்டிய அன்று, "உன் கையில சிமென்ட்டைத் தவிர வேற எதுவும் வளராது" என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். ஆளுக்கு ஒரு வருஷம் என்று நாலு வருஷமாகப் பேசவில்லை. போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார். நீங்கள் கேட்டுச் சொல்லுங்களேன். கார் நிறுத்துமிடத்தில் காங்கிரீட் எத்தனை கனம்? அடியில் என்ன? குழாய் எங்கே போகிறது? இந்த மூன்றும் போதும்.

பதிலுக்காகக் காத்திருக்கும்,
பொடிசு


ஜனவரி 24

அன்புப் பொடிசுக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதும் வந்த சந்தோஷத்தில் முழங்கால் வலிகூடக் கொஞ்ச நேரம் லீவு எடுத்துக்கொண்டது. நான் நலம். உன் அண்ணனுக்கு இருமல் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகத் தொலைக்காட்சியோடு சண்டை போடுகிறார்.

கேட்டதற்கு விவரம் இதோ. முன்பக்கத்தில் காங்கிரீட் ஆறு அங்குலம். அதன் அடியில் ஒன்பது அங்குலம் செங்கல் ஜல்லி. கிழக்கு ஓரமாக மூன்றடி ஆழத்தில் மழைநீர்க் குழாய், எட்டு அங்குல விட்டம், தெருச் சாக்கடைக்குப் போகிறது. பார்த்துத் தோண்டு. தேங்காயை உடைக்காமல் உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஆட்டித்தான் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வேன். நீயும் ஒரு முறை ஆட்டிப் பார்த்துக்கொள்.

"நல்லா யோசிச்சுச் செய்" என்று உன் அண்ணன் சொல்லச் சொன்னார்.

ஒரு சின்ன விஷயம். இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுதாதே. நான் ஓய்வு பெற்றபின் வாரம் மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை போடுகிறேன். அந்த முகவரியைக் கடித உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எங்கள் தெருவில் தபால் சரியாக வருவதில்லை.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆசை. புத்தகத்துக்கு அட்டை போட நாற்காலியில் உட்காருங்கள், தரையில் உட்கார்ந்தால் முழங்கால் பழிவாங்கும்.

அண்ணன் சொன்ன அளவுகள் அச்சுக் குத்தியதுபோலச் சரியாக இருந்தன. ஆறு அங்குலம் என்றால் ஆறு அங்குலம். குழாய் மேலே மண்வெட்டி படாமல் தப்பித்தோம். என் மேலதிகாரிக்கு ஆச்சரியம். "உங்க அண்ணன் எங்கேம்மா இருக்கார், வேலைக்கு வருவாரா?" என்று கேட்டார்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது, சிரிக்காதீர்கள். "நல்லா யோசிச்சுச் செய்" என்று அண்ணன் சொன்னாரா? எனக்குத் தெரிந்து அவர் யாரிடமும் சொன்ன அதிகபட்ச அன்பு வார்த்தை "சாப்பிட்டியா, சரி போ." அப்புறம், "கிழக்கு ஓரம்" என்று எழுதியிருந்தீர்கள். சைட்டில் அவர் திசை சொல்லி நான் கேட்டதே இல்லை. கேட் பக்கம், சுவர் பக்கம், டீக்கடைப் பக்கம் என்றுதான் சொல்வார். வயதானால் மனிதர்கள் மாறுவார்களோ என்னவோ.

அடுத்தது பின்பக்கம். சுவரை ஒட்டி எழுபதடி நீளத்துக்கு ஒரு கட்டாந்தரை. பழைய நாற்காலி மேஜைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அங்கே புல்தரை போடப் போவதில்லை. புல்தரை என்பது நாள்தோறும் தண்ணீர் குடிக்கும் விருந்தாளி. கொஞ்சம் தண்ணீரில் பிழைக்கிற, இந்த மண்ணிலேயே பிறந்த புதர்களையும் உயரமான புற்களையும் நடப் போகிறேன். மொட்டை மாடித் தண்ணீர் வடிகட்டி வழியாக அங்கே வரும்.

இதற்கு முதல் எதிரி இங்கே இருக்கும் தோட்டக்காரர். கையில் எந்நேரமும் பச்சை ரப்பர் பைப்பு இருப்பதால் எல்லோரும் அவரைப் பைப்பு என்றே கூப்பிடுகிறார்கள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். வாசலில் இருந்த புல்தரையை நான் எடுத்ததும் முகம் இஞ்சி தின்றதுபோல ஆகிவிட்டது. என் நாற்றுகளைப் பார்த்துவிட்டு, "அம்மா, களை புடுங்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க. நடுறதுக்கு இல்ல" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பின்பக்கத்து மண் எப்படி, அங்கே ஏதாவது தோண்டினார்களா, புதைத்தார்களா என்று அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
பொடிசு


மார்ச் 6

அன்புப் பொடிசுக்கு,

இருவரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும்.

பின்பக்கம் முழுவதும் கை வைக்காத மண். அங்கே எதுவும் தோண்டவில்லை.

பைப்புக்காரரோடு சண்டை வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் ஒரே வகுப்பில் பாடம் எடுத்த ஆசிரியரிடம் போய் நாளை முதல் பாடப்புத்தகம் வேறு என்றால் அவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

நூலகத்தில் ஆள் வந்துவிட்டார்கள், முடிக்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் கொஞ்சம் ஜுரம். நீங்கள் இருவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பின்பக்கத்தில் மார்ச் கடைசியில் நட்டோம். எழுபதடியில் ஐம்பத்தெட்டடி தளதளவென்று இருக்கிறது. பம்ப் அறையை ஒட்டிய மூலையில் மட்டும் இலை மஞ்சளாகி, நுனி கருகி, ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கிறது. வியாதி என்றால் பரவும், பூச்சி என்றால் நகரும். இது அப்படி இல்லை. நூல் பிடித்தாற்போல நேர்கோட்டில் ஆரம்பித்து நேர்கோட்டில் முடிகிறது. டேப் வைத்து அளந்தேன். பன்னிரண்டடிக்கு எட்டடி. இயற்கை செவ்வகம் போடாது, அண்ணி. மனுஷன்தான் போடுவான்.

யார் என்று யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. நடும்போதே பைப்பு, "அந்த மூலையில வேணாம்மா, அங்க ஒண்ணும் வராது" என்றார். சோம்பலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லியிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. கட்டடத்து மேனேஜரிடம் சொன்னேன். அவர் கேமரா பதிவை எடுத்துக் காட்டினார். காலை ஏழு மணி, அலுவலகத்தில் ஈ காக்கை கிடையாது. பைப்பு ஒரு வாளியோடு அந்த மூலைக்குப் போகிறார், இரண்டு பக்கமும் பார்க்கிறார், ஊற்றுகிறார். ஒரு நாள் அல்ல, பதினோரு நாள். பைப்பு கையில் இருக்கிற மனிதருக்கு வாளி எதற்கு?

களைக்கொல்லி ஊற்றுகிறார் என்று மேனேஜர் சொல்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். களைக்கொல்லி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மண்ணை ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறேன். நிரூபணமானால் அவர் வேலை போகும். பம்ப் அறைக்குப் பின்னால் அவரும் மனைவியும் குடியிருக்கும் அறையும் போகும். ஓய்வு பெற இன்னும் இரண்டே வருஷம். பாவம்தான், ஆனால் என் செடிகள் என்ன பாவம் செய்தன?

எதற்கும் அந்த மூலையைப் பற்றி அண்ணனிடம் இன்னொரு முறை கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள். நான் பள்ளியில் படிக்கும்போது ஒரு நாள் இந்தக் கட்டடத்தைப் பார்க்க வந்தேன். ஏழாவது மாடிக்குக் கூட்டிப்போய் ஒன்றைக் காட்டினார். என்னவென்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். சும்மாதான்.

பொடிசு


ஜூன் 1

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. மே மாதம் எழுதியது கிடைத்ததா? நூலகத் தபாலும் சரியாக வருவதில்லையா?

ஆய்வு முடிவு வந்துவிட்டது. களைக்கொல்லி இல்லை. "தண்ணி விட்டுக் கழுவியிருப்பான்" என்கிறார் மேனேஜர். ஜூன் 22 அன்று விசாரணைக் கமிட்டி கூடுகிறது. தோட்டக்காரர் வேண்டுமென்றே செடிகளைக் கெடுத்தார் என்று நான் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். தாள் மேஜைமேல் இருக்கிறது.

நேற்று அவரை நேராகவே கேட்டேன்.

"வாளியில என்ன ஊத்துறீங்க?"

"தண்ணி."

"வெறும் தண்ணியா?"

"வெறும் தண்ணி நாறுமா? இது நாறுற தண்ணி."

"விளையாடாதீங்க. எதுக்கு ஊத்துறீங்க?"

"மண்ணு சரியில்லம்மா. அன்னைக்கே சொன்னேன். எங்க அண்ணன் கட்டின கட்டடம், அவரே எழுதிட்டாருன்னு நீங்க காயிதத்தை நீட்டினீங்க. படிச்சவங்க சொன்னா சரிதான்னு வாயை மூடிக்கிட்டேன்."

சொல்லிவிட்டுப் பைப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். குற்றம் செய்தவர் இப்படி நிமிர்ந்து போவாரா? அல்லது இருபத்திரண்டு வருஷப் பழக்கமா? எனக்கு இப்போது அவர்மேலும் சந்தேகம், அவரைச் சந்தேகப்படும் என்மேலும் சந்தேகம். அண்ணன் என்ன சொன்னார்? உடனே எழுதுங்கள்.

பொடிசு


ஜூன் 8

அன்புப் பொடிசுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். முழங்காலுக்கு மருந்து மாற்றினார்கள். மற்றபடி வீட்டில் சுகம்.

அந்தத் தாளில் இப்போது கையெழுத்துப் போடாதே. பத்து நாள் பொறு. ஏன் என்று கேட்காதே. ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு மாணவியின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போயிற்று. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி அன்று காலை தனியாக வகுப்பில் இருந்தாள். வேறு ஆதாரம் எதுவும் இல்லை. அவளை எழுப்பி நிற்க வைத்தேன். நாள் முழுவதும் நின்றாள். சாயங்காலம் அந்தப் பெட்டி, அதன் சொந்தக்காரி வீட்டு மேஜையிலேயே இருந்ததாகத் தெரிந்தது. மறுநாள் நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. தனியாக இருந்தது குற்றம் அல்ல, பொடிசு. வாளியும் குற்றம் அல்ல.

ஏழாவது மாடி ஞாபகம் இருக்கிறதாம். அங்கிருந்து ஊர் முழுவதையும் காட்டினாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

உன் நலம் நாடும்,
அண்ணி


ஜூன் 13

அண்ணிக்கு வணக்கம்.

நலம் விசாரிக்க இந்த முறை மனம் வரவில்லை, மன்னியுங்கள்.

நான் ஏழாவது மாடிக்கு ஏறவே இல்லை.

அது ஒரு பொறி. வேண்டுமென்றே வைத்தேன். அன்று மூன்றாவது மாடியிலேயே தலை சுற்றிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் சோடா வாங்கி வந்து கொடுத்துக் கீழே இறக்கிவிட்டார். அதை அவர் மறந்திருக்கவே முடியாது. அதற்குப் பிறகு பத்து வருஷம் என்னைக் கேலி செய்தார்.

நான்கு நாளாக இதையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். நீங்கள் பொய் சொல்பவர் இல்லை. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை நிமிர்ந்து பார்த்துப் பாடம் சொன்னவர். அப்படியென்றால் பொய் சொல்வது அண்ணன். ஏழாவது மாடி என்று உங்களிடம் கதை விட்டவர், பின்பக்கம் கை வைக்காத மண் என்றும் கதை விட்டிருப்பார். முன்பக்க அளவுகளைச் சரியாகக் கொடுத்து என்னை நம்ப வைத்து, பின்பக்கத்தில் காலை வாரிவிட்டார். அந்த மூலையில் ஏதோ இருக்கிறது. அது அவருக்குத் தெரியும். என் கையாலும் ஒன்றும் வளராது என்று ஊருக்குக் காட்ட நாலு வருஷமாகக் காத்திருந்தாரா? கோபம் இருக்கலாம், அண்ணி. இவ்வளவு கணக்குப் போட்ட கோபமா?

கமிட்டிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. அண்ணன் சொன்னதை நம்பினால் பைப்பு குற்றவாளி. பைப்பை நம்பினால் அண்ணன். நீங்களே சொல்லுங்கள், நான் யாரை எழுப்பி நிற்க வைக்கட்டும்?

பொடிசு


ஜூன் 16

பொடிசு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கும் இந்த முறை இல்லை. எழுப்பி நிற்க வைக்க வேண்டியது என்னை.

உன் அண்ணன் உனக்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை. நீ எழுதுகிறாய் என்பதே நேற்று வரை அவருக்குத் தெரியாது. அதனால்தான் நூலக முகவரி. தெருவில் தபால் ஒழுங்காகத்தான் வருகிறது.

உன் முதல் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அவர் முகத்தையே பார்த்தேன். உன் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவார் என்று பயம். பரணில் அவருடைய பழைய சைட் நோட்டு ஒன்று இருந்தது. தினமும் நடந்ததை அதில் எழுதியிருந்தார். நீ கேட்ட அளவுகள் எல்லாம் அதில் இருந்தன. கிழக்கு, மேற்கு என்று திசை போட்டுத்தான் எழுதியிருந்தார். பேசுவது வேறு, எழுதுவது வேறு போல. அதைப் பார்த்து உனக்கு எழுதினேன். கூடவே, "நல்லா யோசிச்சுச் செய்" என்று என் சரக்கையும் சேர்த்தேன். இப்படி நாலு கடிதம் போனால் உன் மனம் இளகும், நீ அவருக்கு நேராக ஒரு வரி எழுதுவாய், அவர் மனமும் இளகும் என்று நினைத்தேன். ஒரு பிள்ளையின் விடைத்தாளை இன்னொரு பிள்ளை எழுதினால் என்ன ஆகும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள் நான்.

நோட்டில் நாற்பத்தோராம் பக்கம், "பின்பக்கம்: கை வைக்கவில்லை" என்று இருந்தது. அதை எழுதியபோது கட்டடம் இரண்டு மாடிதான் எழும்பியிருந்தது. இரண்டாம் நோட்டு ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. செவ்வகம் என்று நீ எழுதியதும் வீடு முழுக்கத் தேடினேன். பார்க்காமல் பாக்கி இருந்தது அவருடைய பூட்டிய மேஜை இழுப்பறை ஒன்றுதான். அதன் சாவி அவர் இடுப்பில். ஒரு மாதம் அந்தச் சாவியைச் சுற்றி வந்தேன். கேட்கத் தைரியம் இல்லை. அதுதான் என் தாமதம். முழங்கால் அல்ல.

உன் கடைசிக் கடிதம் வந்தபின் சும்மா இருக்க முடியவில்லை. அவர் உன்னைப் பழிவாங்கினார் என்று நீ நினைக்கும்படி ஆகிவிட்டதே. நேற்று சாப்பிட்டு முடித்ததும் எல்லாக் கடிதங்களையும் அவர் முன்னால் வைத்துச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

"எந்த மூலை?" என்றார்.

"பம்ப் அறை மூலையாம்."

"பன்னிரண்டுக்கு எட்டா?"

"அவ அப்படித்தான் அளந்திருக்கா."

"சரியாத்தான் அளந்திருக்கா. அது சுண்ணாம்புக் குழி."

மொட்டை மாடித் தளத்துக்கும் வெள்ளையடிப்பதற்கும் சுண்ணாம்பு ஊற வைத்த குழியாம் அது. வேலை முடிந்ததும் மிச்சத்தை அள்ளாமல், மேலே ஓரடி மண் போட்டு மூடியிருக்கிறார்கள். நீ செடிக்குத் தோண்டியபோது கட்டி உடைந்து மேலே வந்திருக்கும். நீ களைக்கொல்லி இருக்கிறதா என்று மட்டும்தானே ஆய்வில் கேட்டாய்? கேட்டதற்குத்தான் பதில் வரும்.

ஏழாவது மாடியையும் கேட்டேன். "அவ மூணாவது மாடியிலயே சுருண்டு உட்கார்ந்துட்டா. ஏழாவதுக்கு எங்க வந்தா?" என்றார். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. இப்போது இரண்டு பேரோடு பேசாமல் இருக்கிறார்.

கமிட்டிக்கு முன் ஒரு காரியம் செய். ஆறாம் வகுப்பில் எல்லோரும் செய்து பார்த்ததுதான். அந்த மூலை மண்ணை ஒரு கண்ணாடி டம்ளரில் கரைத்து, தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போடு. சுண்ணாம்பு இருந்தால் சிவக்கும். எந்தக் கமிட்டிக்கும் புரியும் சாட்சி அது. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்கால் உண்மையிலேயே எப்படி இருக்கிறது? இனி அதைப் பற்றியாவது உள்ளதை எழுதுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பைப்பைக் கூட்டிக்கொண்டு மூலைக்குப் போனேன். இரண்டு டம்ளர். நடுவில் எடுத்த மண்ணுக்கு மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. மூலை மண்ணுக்குச் செக்கச்செவேல் என்று ஆயிற்று. நான் வாயைப் பிளந்தேன். அவர் பார்த்த பார்வையில் ஆச்சரியமே இல்லை.

"இதுக்கு எதுக்கும்மா டம்ளர்? கொஞ்சமா நாக்குல வச்சாப் போதும். நான் முதல் நாளே வச்சுப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னேனே, மண்ணு சரியில்லன்னு. ஏன்னு நீங்க கேக்கலியே?"

வாளியில் இருந்தது கேன்டீனில் பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல். ஒரு வாரம் தண்ணீரில் ஊறப் போட்டு நாறியபின் ஊற்றியிருக்கிறார். காரத்தைப் புளிப்பு கொஞ்சமாவது அடக்கும் என்று. அந்த நாற்றத்தை அலுவலகத்துக்காரர்கள் சகிக்கமாட்டார்கள் என்றுதான் ஏழு மணிக்குப் போயிருக்கிறார், இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறார். என் செடியைக் கொன்றவர் என்று நான் சொன்ன மனிதர்தான் பதினோரு நாள் அதற்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்.

கமிட்டி கூடியது. ஐந்து பேர். மேனேஜர் கேமரா படத்தைப் போட்டார். நான் எழுந்து இரண்டு டம்ளரையும் மேஜையில் வைத்தேன். "தோட்டக்காரர்மேல சந்தேகத்தைக் கிளப்பினது நான். மண்ணைப் பாக்காம நட்டதும் நான். தப்பு என்னுடையது" என்றேன். தகவல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். வந்த தகவலைச் சரிபார்ப்பது என் வேலை, நான் செய்யவில்லை என்று மட்டும் சொன்னேன். உங்களையும் அண்ணனையும் இழுக்கவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பின்பக்க வேலையை வேறொருவர் மேற்பார்வையிடுவார். பைப்பின் வேலையும் அறையும் தப்பித்தன.

அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். நேற்று உர மூட்டை வந்தது. பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது என்னன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். கண்ணில் புரை, எழுத்து மங்கலாம். "நீங்களே படிங்க" என்றார். நான் எழுதியதை நானே படித்தேன். "திரும்பப் படிங்க" என்றார்.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. ஆனால் நாலு வருஷத்துக்கு நீட்ட எனக்குத் தெம்பு இல்லை. அண்ணனிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். நடந்ததை நானே வீட்டு முகவரிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். கிழித்துப் போட்டாலும் அவர் கையாலேயே கிழியட்டும்.

அன்புடன்,
பொடிசு


ஜூலை 15

தோட்டக்காரர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டம்மாவும் நலமாக இருக்க வேண்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் தண்ணீர் விடும் கட்டடத்தை முப்பது வருஷம் முன்னால் நின்று கட்டியவன் நான். உங்களுக்குக் கண் மங்கல் என்றும், கடிதம் வந்தால் தானே படித்துக் காட்டுவதாகவும் அங்கே தோட்ட வேலை பார்க்கும் பெண் எழுதியிருந்தார். மூன்று வாரமாக இதை எழுதாமல் தள்ளிப் போட்டேன். என் வீட்டில் ஒருவர் தினமும் பேனாவை எடுத்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். இன்று எழுதுகிறேன்.

அந்த மூலையில் சுண்ணாம்பை விட்டது நான். அள்ளிக்கொண்டு போக லாரி வரவில்லை. மறுநாள் கட்டடத் திறப்பு. மேலே ஓரடி மண் போட்டு மூடச் சொன்னேன். என் நோட்டில் எழுதி வைத்தேன், வரைபடத்தில் குறிக்கவில்லை. அதனால் உங்கள்மேல் பழி வந்தது. இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

எலுமிச்சைத் தண்ணீர் நல்ல யோசனை. ஆனால் குழி நாலடி ஆழம். நீங்கள் இன்னும் நூறு வருஷம் ஊற்ற வேண்டும். முழுவதையும் அள்ளி எடுத்துவிட்டு வேறு மண் போடுவதுதான் வழி. பம்ப் அறையின் அஸ்திவாரம் பக்கத்திலேயே இருப்பதால் அந்தப் பக்கத்திலிருந்து தோண்டக் கூடாது. அடியில் இன்னும் ஈரமாக இருக்கலாம், வெறுங்காலோடு இறங்க வேண்டாம். இரண்டு மழை பெய்து முடிந்தபின் மறுபடி மண்ணைச் சோதித்துவிட்டு நடலாம். நீங்கள் நாக்கில் வைத்துச் சரி என்று சொன்னால் எனக்கும் சரி. அந்தப் பெண் சொன்னால் மட்டும் போதாது.

இதற்கு அடுத்த இரண்டு வரியைப் படித்துக் காட்டுபவர் வாய்விட்டுப் படிக்க வேண்டாம்.

ஐந்து பேர் முன்னால் எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னாயாம். குழியை மூடிய அன்று அந்த மூலையில் நின்றபோது எனக்கு அது வரவில்லை.

இனி வாய்விட்டுப் படிக்கலாம். ஐயா, நான் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன். எனக்கும் ஒரு மண்வெட்டி எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
பழைய சூப்பர்வைசர்